சாயபு தெருவில் பாத்திமா அன்னை

2017-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நான் ஒரு மனு எழுதினேன். பங்குத்தந்தையர்க்கு மனு எழுதுவது புதிய வேலையன்று. கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கு மாற்றலாகி வந்த நாள் முதலாய்த் தெருவிளக்குக்கு எழுதினேன், குடிநீருக்கு எழுதினேன், கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் வழிக்காக மூன்று முறை எழுதினேன். வேலைத்தலத்தில் விரல்களை இழந்த ஜார்க்கண்ட் இளைஞன் ஒருவனுக்காக, எனக்குத் தெரிந்த இந்தியில் எழுதித் தலைகுனிந்ததும் உண்டு. அவையெல்லாம் இல்லாத ஒன்றைக் கேட்ட மனுக்கள். இதுவோ இருக்கும் ஒன்றை நீக்கக் கேட்ட மனு. நீக்கக் கேட்டது ஒரு தெருவின் பெயர்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியை நோக்கிச் செல்லும் சாலையில், எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்று உண்டு. அங்குள்ள சிற்றாலயம் பாத்திமா அன்னையின் பெயரைத் தாங்கியது. ஆலயம் நிற்கும் தெருவுக்கோ சாயபு தெரு என்று பெயர். போர்ச்சுக்கல் நாட்டுப் பாத்திமாவில் மூன்று சிறார்க்கு அன்னை காட்சியளித்தது 1917-இல். நூற்றாண்டு நெருங்கியதும் எங்கள் இளைஞர் இயக்கத்தார் ஒரு யோசனையோடு வந்தனர். நூற்றாண்டின் நினைவாகத் தெருவுக்குப் பாத்திமா அன்னை தெரு என்று பெயர் சூட்ட வேண்டும் என்றனர். நான் உடனே இசைந்தேன். இசைந்ததற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. விழா அழைப்பிதழில் “பாத்திமா அன்னை ஆலயம், சாயபு தெரு” என்று ஆண்டுதோறும் அச்சிடும்போது எனக்குள் ஒரு கூச்சம். ஆயர் அவர்கள் கையில் போகப்போகும் அழைப்பிதழ் அல்லவா!

மனுவின் வாசகம் என்னுடையது. “இத்தெருவில் வாழ்வோர் பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆதலாலும், இப்பெயர் இங்குள்ள எவருக்கும் பொருத்தமற்றதாய் இருப்பதாலும்” என்று எழுதினேன். முதல் கையொப்பமும் என்னுடையதே. மே 1 கிராம சபையில் அதை வைப்பதாக ஏற்பாடு. உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டபடியால் அப்போது ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. காரியம் எளிதாக முடியும் என்று எண்ணினோம்.

பாஸ்கா முடிந்த வாரத்தில் ஒரு மாலை, தையற்காரர் வந்தார். அத்தெருவில் எஞ்சியிருந்த ஒரே முஸ்லிம் குடும்பம் அவருடையது. எழுபதைக் கடந்தவர். எங்கள் ஆலயத் திருவிழாக் கொடியை ஆண்டுதோறும் தைப்பவர் அவரே. வேட்டியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திண்ணையில் அமர மறுத்து நின்றவாறே கேட்டார்.

“கொடி எத்தனை முழம் சாமி? நூறாவது வருசம்னு பசங்க சொன்னாங்க. கொஞ்சம் பெரிசா தெச்சுடலாமா?”

“ஏழு முழம் இருக்கட்டும் பாய்” என்றேன்.

அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல, “தெரு பேரு மாத்துறாங்களாமே?” என்றார்.

எனக்குச் சொல் தடுமாறியது. “ஆமாம் பாய். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பாத்திமா அன்னை தெரு என்று.”

“பாத்திமாவா?” அவர் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது; அதில் குத்தல் ஏதும் இல்லை. “எங்க அம்மா பேரு சாமி அது. நல்லா வையுங்க.”

வாசற்படி இறங்கியவர் திரும்பினார். “அந்தக் கிணறு மட்டும் தூர்ந்துடாம பாத்துக்கச் சொல்லுங்க. சாயபு தெருன்னு பேரு வந்ததே அதாலதான்.”

ஏரியை ஒட்டிய எங்கள் பகுதியில் எங்கு தோண்டினாலும் உப்பு என்பதைப் படிக்கும் அன்பர் பலரும் அறிவர். அவருடைய முன்னோர் ஒருவர் வெட்டிய கிணற்றில் மட்டும் நல்ல நீர் ஊறியிருக்கிறது. மறுநாள் எங்கள் முதிய உபதேசியாரிடம் கேட்டேன். “கோயில் கட்டுறப்ப சுண்ணாம்பு குழைச்சது அந்தத் தண்ணியிலதானே ஃபாதர். குழாய் வர்ற வரைக்கும் நாம எல்லாரும் குடிச்சதும் அதுதான்” என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். பொருத்தமற்ற பெயர் என்று நான் எழுதியது, நாங்கள் குடித்த தண்ணீரின் பெயர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கிணற்றைப் பற்றி அறியாதிருந்தது ஒரு குறை. அதற்கு மன்னிப்பு உண்டு. ஆனால் பாத்திமா என்ற பெயரைப் பற்றி அறியாதவன் அல்லன் நான். அது நபிகள் நாயகத்தின் மகளின் பெயர் என்பதும், இசுலாமியர் ஆட்சி அந்நிலத்தில் நிலவிய நாளில் வாழ்ந்த அரபு இளவரசி ஒருத்தியின் பெயரே அந்தப் போர்ச்சுக்கீசியச் சிற்றூருக்கு வாய்த்தது என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்வதும், குருமடத்திலேயே படித்தவை. அரபுப் பெயர் ஒன்றை அகற்றி அரபுப் பெயர் ஒன்றைச் சூட்டவே மனு எழுதியிருக்கிறேன்! எழுதிய நகலை எடுத்துப் பார்த்தேன். மேலே, உபதேசியாரின் பழைய வழக்கப்படி, “கும்மிடிப்பூண்டி தாலுகா தாசில்தார் அவர்கள் பார்வைக்கு.” கீழே, “பழைய பெயரை ரத்து செய்து.” தாலுகா, தாசில், ரத்து மூன்றும் அரபு மூலம் கொண்டவை. அரபைக் கொண்டே அரபை விரட்டியிருக்கிறேன்.

திருச்சபை வரலாறு கற்பித்த எங்கள் பேராசிரியர் ஸ்பெயின் நாட்டு வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஊர்ப்பெயர்களை மட்டும் வாசிப்பார். மன்னர் பட்டியலைவிட அது மனத்தில் நிற்கும் என்பது அவர் கொள்கை, நின்றுதான் விட்டது. 711-இல் தாரிக் என்னும் படைத்தலைவன் கடலைக் கடந்து இறங்கிய குன்று ‘ஜபல் தாரிக்’, தாரிக்கின் மலை, அதுவே ஜிப்ரால்ட்டர். ‘வாதி அல் கபீர்’ என்றால் பெரிய ஆறு, அதுவே குவாதல்கிவீர். உரோமையர் அதனைப் பேதிஸ் என்றழைத்தனர். அப்பெயர் ஏட்டோடு நின்றது. தீவு என்று பொருள்படும் ‘அல் ஜஸீரா’ அல்ஹெசிராஸ் ஆயிற்று. கோட்டை என்று பொருள்படும் ‘அல் கல்ஆ’ அல்கலா ஆயிற்று. புனித இஞ்ஞாசியார் 1526-இல் மாணவராகப் போய்ச் சேர்ந்த அல்கலா அதுதான்.

நம் பக்திக்கு உரிய பெயர்களையும் பாருங்கள். மாட்ரிட் மாநகரின் பாதுகாவலி அல்முதேனா அன்னை. ‘அல் முதைனா’ என்பது அரண் சூழ்ந்த உள்நகருக்கு அரபுப் பெயர். அதன் மதிலுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த அன்னையின் சுரூபம் 1085-இல் வெளிப்பட்டது என்பது அங்குள்ள மரபு. அவ்வன்னையின் பேராலயத்தைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1993-இல் நேர்ந்தளித்தார். குவாதலூப்பே அன்னையை அறியாத கத்தோலிக்கர் உண்டா? ஸ்பெயினில் அப்பெயர் கொண்ட ஆறு ஒன்று ஓடுகிறது. அப்பெயரின் முற்பகுதியும் ஆறு எனப் பொருள்படும் அதே ‘வாதி’தான். தூண் அன்னை எழுந்தருளியிருக்கும் சரகோசாவின் கதை இன்னும் சுவையானது. சீசர் அகுஸ்துவின் பெயரால் உரோமையர் சூட்டிய செசராகுஸ்தா அரபியர் வாயில் சரகுஸ்தா ஆகி, ஸ்பானியர் வாயில் சரகோசா ஆயிற்று. இலத்தீன் பெயர் ஒன்றைத் தம் நாவில் உருட்டித் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் அரபியர்.

பெயர்களை அழிக்க முயலாமலும் இல்லை. 1567-இல் இரண்டாம் பிலிப்பு மன்னன் கிரனாதாப் பகுதியில் அரபு மொழியையும், அரபு ஆட்பெயர்களையும், அவர்தம் உடையையும் தடை செய்தான். அதே 1567-இல்தான் அவிலாவின் புனித தெரசா தம் இரண்டாவது கார்மேல் மடத்தை நிறுவினார். நிறுவிய ஊர் எது? மெதினா தெல் காம்போ. ‘மதீனா’ என்றால் நகரம். நபிகள் அடங்கிய நகரின் பெயரும் அதுவே. 1609-இல் தொடங்கி, திருமுழுக்குப் பெற்றிருந்த மூர் வழியினர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாட்டைவிட்டே கப்பலேற்றப்பட்டனர். ஆட்கள் போயினர். ஆறுகளும் ஊர்களும் அவர்கள் வைத்த பெயரிலேயே இருக்கின்றன. எங்கள் பேராசிரியர் இந்த இடத்தில் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார். அப்போது நாங்கள் மணி அடிக்குமா என்று காத்திருப்போம்.

ஸ்பெயின் வரை போவானேன்? ஸ்பெயின் வீரன் எல் சித்தின் பட்டப்பெயர் ‘ஸையித்’, தலைவர் என்னும் அரபுச் சொல். சையது கான் என்பவர் பெயரால் வழங்கியது என்று சொல்லப்படும் நம் சைதாப்பேட்டையிலும் இருப்பது அச்சொல்லே. நாம் மண்டியிட்டு ஏறும் பரங்கிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலுவைப் போர்க்காலத்தில் மேற்கிலிருந்து வந்த பிராங்குகளை அரபியர் ‘இஃபிரஞ்ச்’ என்றனர். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’ ஆகி, நம்மிடம் பரங்கி ஆயிற்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, தாம் பரங்கி அல்லர் என்று சொல்லிச் சொல்லியே வாழ வேண்டியிருந்தது. அத்தகைய ஏளனப் பெயர் புனித தோமையாரின் மலைக்குத் தமிழ்ப்பெயராய் நிலைத்து, இன்று எவரையும் உறுத்தாமல் இருக்கிறது. (பரங்கிக்காய்க்குத் தெலுங்கர் சொல்லும் பெயர் கும்மடி. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் எல்லைக்கு அப்பாலுள்ள நண்பர்கள் சிரிப்பதன் காரணம் அதுதான்.)

இவற்றையெல்லாம் மறையுரையில் சொன்னால் இளைஞர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள் என்பதை அறிவேன். ஆகவே அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் வேன் ஒன்றைப் பிடித்து, அவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

1515-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் மகிமை மாதா ஆலயத்தில் முதலில் வேண்டிக்கொண்டோம். பின்னர் டச்சுக் கல்லறைக்குப் போனோம். வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளின்முன் படம் எடுத்துக்கொண்டார்கள். 1613-இல் டச்சுக்காரர் இங்கே எழுப்பிய கோட்டைக்கு, அதன் தலைவர் பிறந்த கெல்டர்லாந்து மாநிலத்தின் நினைவாக, கெல்ட்ரியா என்று பெயரிட்டனர். “கெல்ட்ரியாவுக்கு வழி கேட்டு வாருங்கள்” என்று இருவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர், ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர், பள்ளிவாசல் அருகே தேநீர்க்கடை வைத்திருந்தவர் எவருக்கும் அப்படி ஓர் இடம் தெரியவில்லை. கோட்டை என்று கேட்டதும் முட்செடி மண்டிய மேட்டைக் காட்டினார்கள். விசயநகர வேந்தர் காலத்தில் இவ்வூருக்கு அனந்தராயன் பட்டினம் என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது, அதுவும் போயிற்று. வேல மரக் காட்டின் பெயர் நிற்கிறது. தமிழ்த் தோணியும் தெலுங்கு ரேவும் சேர்ந்த தோணிரேவு நிற்கிறது. நடுவூர் மாதாகுப்பம் நிற்கிறது. அழகு என்ற அரபுச் சொல்லும் குடியிருப்பு என்ற பாரசீகச் சொல்லும் கூடிய ஜமீலாபாத் நிற்கிறது. மாதாகுப்பத்தாருக்கும் ஜமீலாபாத்தாருக்கும் ஏரி ஒன்றே.

படகுத்துறையில் அமர்ந்து ஒரு கைக்குட்டையின் கதையைச் சொன்னேன். பழவேற்காட்டில் ஏற்றுமதியான பருத்தித் துணிகள், குறிப்பாகக் கட்டம் போட்ட கைக்குட்டைகள், கடல் கடந்து பெயர் பெற்றவை. சோழமண்டலக் கரையின் துணிகள் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்தில் இறங்கின. அந்நாட்டில் இன்றும் தலையிலும் கழுத்திலும் கட்டும் கைக்குட்டைக்குப் பெயர் ‘பலியகாத்தே’. நம் பழவேற்காடுதான் அது! மெக்சிகோவின் விடுதலைப் போரை 1810-இல் தொடங்கிய இதால்கோ ஒரு பங்குத்தந்தை. அவர் உயர்த்திய கொடியில் இருந்தவர் குவாதலூப்பே அன்னை. அவருக்குப்பின் போரை நடத்திய மொரேலோசும் பங்குத்தந்தையே. இளமையில் அக்காபுல்கோ வழியில் கோவேறு கழுதை ஓட்டியவர். பிற்காலத்தில் அந்தத் துறைமுகத்தையே கைப்பற்றியவர். 1815-இல் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை எந்தப் படத்தில் பார்த்தாலும் தலையில் ஒரு துணிக்கட்டு இருக்கும். அந்தக் கட்டின் பெயர் பலியகாத்தே. கொடியில் ஓர் அரபு ஆறு, தலையில் ஒரு தமிழ்க் காடு!

கதை அவர்களுக்குப் பிடித்தது. ஆனால் மனுவைத் திரும்பப் பெறுவோம் என்று நான் சொன்னதும் முகங்கள் மாறின. இயக்கத்தின் செயலர், தொழிற்பேட்டையில் வார்ப்பு வேலை செய்பவர், எழுந்து நின்றார்.

“மனுவ எழுதினது நீங்கதானே ஃபாதர்?”

“ஆம். தவறு என்னுடையது.”

“பாய் மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்ல. அவரு பேராவது ஒரு தெருவுல இருக்கு. நாங்க குடியிருக்கிற எடத்துக்கு என்ன பேரு? பஸ்ல கண்டக்டர் எப்டி கூப்பிடுறாரு தெரியுமா? ‘காலனி எல்லாம் எறங்கு’ன்னு. ரேசன் கார்டுல காலனி. வேலைக்கு மனு போட்டா அதுலயும் காலனி. எங்க பேரு ஒரு போர்டுலயாவது இருக்கட்டும்னுதான் கேட்டோம்.”

மற்றவர் எவரும் பேசவில்லை. ஏரியில் ஒரு படகின் இயந்திரம் ஓசையிட்டுக் கொண்டிருந்தது. ஸ்பெயினையும் மெக்சிகோவையும் கரைத்துக் குடித்தவனாக அமர்ந்திருந்த எனக்கு, அந்த அழைப்பை இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் காதில் வாங்கவில்லையே என்ற எண்ணம் எழுந்தது. அவர்கள் கேட்டது பெயர். நான் எழுதியது நீக்கம். என் அழைப்பிதழ்க் கூச்சத்தையும் அவர்களுடைய காயத்தையும் ஒரே தாளில் வைத்து எழுதிவிட்டேன்.

அதற்குமேல் நடந்ததை விரித்துரைக்க அதிகம் இல்லை. பங்குப் பேரவை இருமுறை கூடியது. முதல் கூட்டத்தில் சிலர் எழுந்து வெளியேறினர்; தெருப்பெயரில் சாயபு இருக்கக் கூடாது என்பதே தம் நோக்கம் என்று ஓரிருவர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்களை நான் இணங்கச் செய்துவிட்டேன் என்று சொல்ல இயலாது. ‘சாயபு’ என்பதன் மூலச்சொல்லாகிய ‘ஸாஹிப்’ என்பதற்குத் தோழர் என்று பொருள் உண்டு என்றேன். முசுலிம்கள் இயேசுவின் தாயைப் போற்றுகிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மதிப்போடு குறிப்பிட்டதை எடுத்துச் சொன்னேன். ஒருவர், “சங்கம் எங்க ஊருக்கு வந்ததில்ல சாமி” என்றார். இரண்டாம் கூட்டத்தில், அந்தச் செயலரே எழுந்து வழி சொன்னார். சாயபு தெரு அப்படியே இருக்கட்டும். ஆலயத்துக்குப் பின்னாலுள்ள தங்கள் குடியிருப்புக்குப் பாத்திமா அன்னை நகர் என்று பெயர் கேட்போம் என்றார். புது மனுவை அவரே எழுதினார். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். அதுவும் அதிகம் இல்லை. அந்த மனுவுக்கு நான் அங்கிருந்த வரையில் பதில் வரவில்லை.

மே 4 அன்று ஏழு முழக் கொடி ஏறியது. 13-ஆம் நாள், பாத்திமாவில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பிரான்சிஸ்கோ, ஜசிந்தா ஆகிய இரு சிறாரையும் புனிதராக உயர்த்திய அதே நாளில், எங்கள் தேர் சாயபு தெரு வழியாகச் சென்றது. அழைப்பிதழில் முகவரி பழையபடியே இருந்தது. கொடிக்கான ரசீதைத் தையற்காரர் பேரனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்: கூலி 350, வரவு 300, பாக்கி 50. மறுநாள் பாக்கியைக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்தார்.

“இருக்கட்டும் சாமி. கணக்கு இருந்தாத்தானே அடுத்த வருசமும் கூப்பிடுவீங்க” என்றார்.

2019-இல் மாற்றல் வந்தது. பங்கின் கணக்கேட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது அந்த 50 ரூபாயையும் எழுதிவைத்தேன்.

2025 ஏப்ரல் இறுதியில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதற்கடுத்த வாரம் அந்தச் செயலர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் மகிழ்ச்சி. பழைய மனுவின் நகலைத் தேடி எடுத்து, தேதியை மட்டும் மாற்றி மீண்டும் கொடுத்திருப்பதாகச் சொன்னார். கிணற்றுக்கு ஊரார் சேர்ந்து இரும்பு வலை போட்டிருக்கிறார்களாம். கொடியேற்றம் முந்தின நாள்தான் முடிந்தது என்றார்.

“கொடி யார் தைத்தது?” என்றேன்.

“பாய்க்குக் கண்ணு சரியா தெரியல ஃபாதர். பேரன்தான் தெச்சான். பாய் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தாரு.” சிறிது நிறுத்தி, சிரித்துக்கொண்டே சொன்னார்: “அந்த அம்பது ரூபா இன்னும் நோட்டுல அப்படியேதான் இருக்கு.”